முதுமையும் மறுமொழியும்

இரணைமடு நீர் பாயும் பரந்தன் வயலொன்றில், சேற்றில் வழுக்கி முழங்கால் சுளுக்கிய இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவன் இளைஞன்; மற்றவர் எழுபதைக் கடந்தவர். இளைஞன் விரைவில் மண்வெட்டியை எடுத்துவிடுகின்றான். முதியவரோ மாதங்கள் சென்றும் வரம்பிலேயே அமர்ந்திருக்கின்றார். "மனமிருந்தால் ஏலும், அப்பு" என்கின்றான் இளைஞன். இயலாமையை மனக்குறையாகக் கொள்ளும் இக்கூற்று நீதியானதா என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினா.

என்போடு என்பைப் பிணைக்கும் இணைநார், கொலாஜன் எனும் புரத இழைகளைப் பெரிதும் கொண்டது. அவ்விழைகளை ஆக்குவனவும் பழுதுபார்ப்பனவும் அவற்றிடையே வாழும் நார்க் கலங்களேயாம். நாரிலே காயம் நேரின், குருதிச் சிறுதட்டுக்கள் முதலியன வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களை வெளிவிடுகின்றன. இத்தகைய காரணிகளைக் கண்டறிந்தமைக்காக ஸ்ரான்லி கோஹனும் ரீற்றா லெவி மொன்ரல்சினியும் 1986 இல் நோபல் பரிசு பெற்றனர். இவை உடல் விடுக்கும் அழைப்பு எனலாம். அழைப்பை ஏற்ற கலங்கள் பெருகிப் புதிய இழைகளை ஆக்குகின்றன.

முதுமையில் இம்மறுமொழி பொதுவாகத் தளர்கின்றது. மனித நார்க் கலங்கள் ஆய்வுகூடத்தில் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் பிரிதலை நிறுத்துகின்றன என்பதை 1961 இல் ஹேபிளிக், மூர்ஹெட் ஆகியோர் காட்டினர். அங்ஙனம் முதிர்ந்த கலங்கள் இறந்தவையல்ல; வளர்ச்சிக் காரணியைப் பற்றிக்கொள்ளவும் செய்கின்றன; ஆயினும் பிரிவதில்லை. அழைப்பு வந்து சேர்கின்றது, செயல் எழவில்லை. இதனை மறுப்பு என எவரும் கூறார்.

அங்ஙனமாயின் முதியோரை ஓய்வில் இருத்திவிடுதலே அறம் என்பாரும் உளர். அதுவும் முழுமையான விடையன்று. அசையாது கட்டிவைக்கப்பட்ட இணைநார் சில வாரங்களிலேயே வலுவிழக்கின்றது. இழந்ததை மீட்கப் பல மாதங்கள் வேண்டும். மேலும், 2005 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதிய எலியின் குருதியோட்டத்தை இளைய எலியினதோடு இணைத்தபோது, முதிய தசையின் புதுப்பிக்கும் ஆற்றல் பெரிதும் மீண்டது. அது இணைநார் பற்றிய ஆய்வன்று. எனினும் தளர்ச்சியில் சூழலுக்கும் பங்குண்டு என்பதை அது உணர்த்துகின்றது.

2009 ஜனவரியில் போர் பரந்தனைக் கடந்தது. இடம்பெயர்ந்து பின்னர் மீண்டவர்களைப் பற்றை மூடிய காணிகள் அழைத்தன. அவ்வழைப்பு இருபது வயதினனுக்கும் எழுபது வயதினருக்கும் ஒன்றே. மறுமொழி மட்டும் எவ்வாறு ஒன்றாக இருத்தல் கூடும்?

மனிதன் வெறுங் கலமல்லன். அவனிடம் மனமும் உண்டு, சோம்பலும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆதலாலேயே தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும். சுமை தகுந்ததா, துணை அருகிலுண்டா என்பவற்றை அளந்த பின்னரே ஒருவர் மனத்தை அளத்தல் முறையாகும். "வேலை செய்" என்ற கட்டளையும் "சும்மா இரும்" என்ற ஒதுக்கலும் ஒருங்கே அவ்விசாரணையைத் தவிர்ப்பன.

வயலிலுள்ள இளைஞன் கேட்கவேண்டியது வேறொன்று: "எவ்வளவு ஏலும், அப்பு?" மண்வெட்டியை அவன் ஏந்தட்டும், நீர் எவ்வழி செல்லும் என்பதை, ஊன்றுகோலுடன் மெல்ல நடந்து, அவர் காட்டட்டும்.