குதிரையின் வயதும் மனிதரின் அவசரமும்

இங்கிலாந்தில் மார்ச் மாதம் தொடங்கி அக்டோபர் வரை, பெரும்பாலான வார இறுதிகளில் ஏதாவது ஒரு பண்ணையின் புல்வெளி ஈவென்டிங் களமாக மாறிவிடுகிறது. ஒரே குதிரையும் ஒரே வீரரும் மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டிய குதிரையேற்றப் போட்டி இது. முதலில் டிரஸ்ஸாஜ். செவ்வகக் களத்துக்குள் நடுவர் முன்னிலையில் குதிரை பதற்றமில்லாமல், கேட்ட இடத்தில் கேட்ட நடையைக் காட்ட வேண்டும். அடுத்து ஷோ ஜம்பிங். குளம்பு பட்டால் விழுந்துவிடும் வண்ணக் கம்புகளைத் தாண்ட வேண்டும். பிறகு கிராஸ் கன்ட்ரி. மரத்தடிகள், பள்ளம், குளம், மேட்டிலிருந்து கீழே குதிக்கும் இறக்கம் என்று எளிதில் அசையாத தடைகளைத் தாண்டி ஓட வேண்டும்.

இதன் வேர் குதிரைப்படையில் இருக்கிறது. அணிவகுப்பில் அசையாமல் நிற்கும் குதிரையே போர்க்களத்தில் பாய்ந்தோடவும் வேண்டும் என்று படைத்தலைவர்கள் எதிர்பார்த்தார்கள். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ராணுவ அதிகாரிகளின் போட்டியாக அது நுழைந்தது. இன்று அதே சோதனையின் தொடக்க நிலைகளில் ஆசிரியர்களும் செவிலியர்களும் கணக்கர்களும் பங்கேற்கிறார்கள். முதற்படியில் தடையின் உயரம் 80 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 435 மீட்டர். அடுத்தடுத்த படிகளில் 90, 100 செ.மீ. என்று உயர்கிறது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள்கூடத் தங்கள் இளங்குதிரைகளை இந்தப் படிகளுக்குத்தான் முதலில் கூட்டி வருகிறார்கள். அலுவலகம் போவதற்கு முன் இருட்டோடு எழுந்து லாயத்தைச் சுத்தம் செய்பவரும், அதையே பிழைப்பாகக் கொண்டவரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் விளையாட்டுகள் உலகில் அதிகம் இல்லை.

அந்த அமெச்சூர் வீரர் நான்கைந்து வயதுக் குதிரையோடு வந்து நிற்கும்போது ஒரு கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது. வளர்ந்து முடியாத ஓர் உயிரிடம் எவ்வளவு கேட்கலாம்?

நான்கு வயதுக் குதிரையைப் பார்த்தால் அது வளர்ந்து முடியாதது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அரை டன் எடை, அகன்ற மார்பு, பளபளக்கும் தோல். உள்ளே கதை வேறு. கால் எலும்புகளின் வளர்ச்சி முனைகள் முன்னதாகவே மூடிக்கொண்டுவிடும். சேணத்தையும் மனிதரையும் தாங்கவேண்டிய முதுகெலும்பில் அந்த வேலை முடிய ஐந்து, ஆறு வயது ஆகிவிடும். வாயைத் திறந்தால் இன்னொரு சான்று கிடைக்கும். முன்பற்கள் ஏறத்தாழ இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் இணை இணையாக விழுந்து முளைக்கின்றன. ஆக, கடிவாளத்தின் இரும்பைக் கவ்விக்கொண்டு டிரஸ்ஸாஜ் களத்துக்குள் நுழையும் நான்கு வயதுக் குதிரைக்கு இன்னும் பால்பற்கள் மிச்சமிருக்கின்றன. அது தலையை உதறினால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். அந்த உதறல் திமிரா, ஈறு வலியா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் மேலே உட்கார்ந்திருப்பவர்தான்.

குதிரையின் கண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். தலையின் இருபுறமும் அமைந்த அந்தக் கண்களால் ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் பார்க்க முடியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிறு பகுதி தெரியாது. தடையை நெருங்கிக் கால்களை எடுக்கும் கடைசிக் கணத்தில், தான் தாண்டப்போகும் மரத்தடியைக் குதிரை முழுதாகப் பார்ப்பதில்லை. வெயிலிலிருந்து மரநிழலுக்குள் ஓடினால் மனிதக் கண்ணைவிட மெதுவாகத்தான் அதன் கண் இருட்டுக்குப் பழகும். தண்ணீரின் ஆழம் கால் வைத்தால்தான் அதற்குத் தெரியும். இரை விலங்காகப் பல லட்சம் ஆண்டுகள் ஓடிப் பிழைத்த இனம் அது. தெரியாத தண்ணீருக்குள் இறங்காமலிருப்பதே அதன் இயல்பு. இறங்குகிறது என்றால், மேலே இருப்பவரின் சொல்லை நம்பி இறங்குகிறது.

அந்த நம்பிக்கை எப்படி உண்டாகிறது? பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்லும் அடிப்படை ஒன்று உண்டு. வீரரின் கால் குதிரையின் விலாவில் அழுத்துகிறது. குதிரை ஓரடி முன்னே வைக்கிறது. அந்தக் கணமே அழுத்தம் விலக வேண்டும். அழுத்தம் விலகும்போதுதான் தான் செய்தது சரி என்று குதிரைக்குத் தெரிகிறது. பதில் சொன்ன பிறகும் கால் அழுத்திக்கொண்டே இருந்தால் பதில் சொல்வதில் பயனில்லை என்று அது கற்றுக்கொள்ளும். சில மாதங்களில் காலுக்கு மரத்துப்போன குதிரையாகிவிடும். கேட்பதில் காட்டும் அக்கறையைவிடப் பெரிய அக்கறையை விடுவதில் காட்ட வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் குதிரை வளர்ப்பு பற்றி எழுதிய கிரேக்கப் படைத்தலைவர் செனஃபோன், இளங்குதிரையைப் பயிற்சிக்கு விடுவதைப் பையனைத் தொழில் பழக விடுவதோடு ஒப்பிட்டார். திரும்பி வரும்போது என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். குதிரையைக் கோபத்தோடு அணுகவே கூடாது என்பதையும் அந்த நூலிலேயே எழுதி வைத்தார்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. அழுத்தத்தை விடுவதுதான் பாடம் என்றால், தவறான நேரத்தில் விடுவதும் பாடமாகிவிடும். பள்ளத்தின் முன் குதிரை பயந்து நிற்கிறது. வீரர் இரங்கி அதைத் திருப்பிக் கூட்டிப்போய்விடுகிறார். நின்றால் போதும், தப்பித்துவிடலாம் என்று குதிரை புரிந்துகொள்கிறது. ஆகவே பயிற்சியில் நல்ல ஆசான்கள் அதைச் சின்னப் பள்ளம் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறார்கள். முன்னே போகும் அனுபவமுள்ள குதிரையைப் பின்தொடரச் செய்து தாண்ட வைக்கிறார்கள். தாண்டியதும் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, அன்றைய வேலையை அதோடு முடித்துவிடுகிறார்கள். நிறுத்துவது கருணை, தொடர்வது கொடுமை என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. பயமா, வலியா, அறியாமையா, களைப்பா என்று காரணம் பிரித்தறியாமல் எடுக்கும் எந்த முடிவும் குதிரைக்குத் தீங்காகவே முடியும்.

போட்டியில் இந்த முடிவுக்குச் சில விநாடிகளே கிடைக்கும். கிராஸ் கன்ட்ரியில் முதல் மறுப்புக்கு 20 தண்டப் புள்ளி. அதே தடையில் இரண்டாம் மறுப்புக்கு 40. மூன்றாவது முறை வெளியேற்றம். வீரர் தானே கையை உயர்த்தி, போதும் என்று நடந்து திரும்பவும் விதி இடம் தருகிறது. நின்ற பிறகு திரும்புகிறவர்களைப் பார்வையாளர்கள் புரிந்துகொள்கிறார்கள். இன்னும் உயர்ந்த முடிவு ஒன்று உண்டு. குதிரை எல்லாத் தடைகளையும் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் மூச்சு கனக்கிறது, பின்னங்கால்கள் உந்தத் தயங்குகின்றன, பாய்ச்சல் தட்டையாகிறது. பெரிய தடைகள் இன்னும் பாக்கி. அப்போது, நன்றாகத் தாண்டிய ஒரு தடைக்குப் பிறகு நிறுத்துகிறவர், குதிரை மறுக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே அதை வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே வெறும் விலகல் என்றுதான் இருக்கும்.

இது உயிர் போகிற விஷயமும்கூட. 1999-இல் பிரிட்டனில் மட்டும் ஈவென்டிங் வீரர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். அசையாத தடையில் குதிரையின் முன்கால்கள் மாட்டி, அது குட்டிக்கரணமாகப் புரண்டு வீரர் மேல் விழுவதுதான் மிகக் கொடிய விபத்து. அதன் பிறகு, பலமாக மோதினால் உடைந்து தடையைக் கீழே இறக்கிவிடும் ஊசிகள் உருவாக்கப்பட்டன. ஆனால் களைத்த இளங்குதிரையின் கால் எங்கே உயரும் என்பதை எந்த ஊசியாலும் சரிசெய்ய முடியாது.

தொழில்முறை வீரருக்கு ஒரே நாளில் ஏறிச் செல்லப் பல குதிரைகள் இருக்கும். ஒன்றில் விலகினாலும் அடுத்தது காத்திருக்கும். அமெச்சூருக்கு இருப்பது ஒரே குதிரை. கட்டணம் கட்டி, விடுப்பு எடுத்து, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரே நாள். கையை உயர்த்துவது அவருக்கே கடினம். அவர் உயர்த்தும்போது அதற்கு மதிப்பும் அதிகம்.

அவசரத்தை வளர்ப்பதில் சந்தைக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் பர்லி இளங்குதிரைப் போட்டி நான்கு, ஐந்து வயதுக் குதிரைகளுக்கு நடக்கிறது. பிரான்சின் லெ லியோன் டான்ஜெரில் ஆறு, ஏழு வயதுக் குதிரைகளுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் உலகப் போட்டி நடக்கிறது. நல்ல குதிரையை அடையாளம் காண இவை உதவுகின்றன. கூட்டத்தையும் ஒலிபெருக்கியையும் இளங்குதிரைக்குப் பழக்குகின்றன. இவற்றை ஒழிக்கத் தேவையில்லை. ஆனால் ஐந்து வயதில் வாங்கிய பரிசு ரிப்பனைக் காட்டி விலை பேசும் பழக்கம் தவறு. அந்த ரிப்பனுக்காக முதுகும் மனமும் முதிராத குதிரையை விரட்டுவது அதைவிடப் பெரிய தவறு.

காலம் யாருக்குப் பரிசளித்தது என்று வரலாற்றைப் பார்க்கலாம். நியூசிலாந்தின் மார்க் டாட் 1984-லும் 1988-லும் ஒலிம்பிக் தனிநபர் தங்கம் வென்றது சாரிஸ்மா என்ற சிறிய குதிரையில். அது பிறந்தது 1972-இல். ஜெர்மனியின் மிகாயேல் யுங் 2012-லும் 2016-லும் அதே தங்கத்தை வென்றது 2000-இல் பிறந்த சாம் என்ற குதிரையில். பிறந்த ஆண்டைக் கழித்துப் பார்த்தால் இரண்டு குதிரைகளுக்கும் வயது 12, பிறகு 16. ஒலிம்பிக் ஈவென்டிங்கில் எட்டு வயதுக்குக் குறைந்த குதிரைக்கு இடமே இல்லை.

இந்திய உதாரணமும் இதையே காட்டுகிறது. பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் தனிநபர் வெள்ளி வென்றார். 1982-க்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் குதிரையேற்றத்தில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. மூன்று ஆண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் இறுதிச் சுற்று வரை சென்று 23-ஆம் இடம் பெற்றார். இரண்டு முறையும் அவரைச் சுமந்தது செனியர் மெடிகாட் என்ற ஒரே குதிரை. ஜகார்த்தாவில் அதற்கு 12 வயது, டோக்கியோவில் 15.