மற்றவன் வயிறு

எங்கள் அறையில் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. தேங்காய்ப்பூ, காளான், சோளம், கச்சான், முருங்கைக்காய், பலாக்கொட்டை, அன்னாசி. மேலே 'குடுக்கக் கூடாது' என்று தலைப்பு. எழுதியவர்கள் நாங்கள் மூவர். யாருக்குக் கொடுக்கக்கூடாதோ அந்த நான்காமவன் ஒவ்வொரு காலையும் அந்தக் கதவைத் திறந்துதான் தேநீருக்குப் பால் எடுத்தான்.

நாங்கள் நால்வரும் ஒரே குசினியில் வேலை செய்கிறவர்கள். இரண்டு வருடங்களுக்கு முன் நண்பனுக்குப் பெருங்குடல் புண்ணாகிச் சத்திரசிகிச்சை நடந்தது. பெருங்குடலை முழுதாக எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வலப்பக்க அடிவயிற்றால் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். அந்தத் துவாரத்துக்கு ஸ்ரோமா என்று பெயர். கிரேக்க மொழியில் அதற்கு வாய் என்று பொருள். அடக்கிக்கொள்ளத் தசையில்லாத வாய். ஆகவே அதன் மேல் எந்நேரமும் ஒரு பை ஒட்டியிருக்க வேண்டும்.

இந்தப் பைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1952இல் பேர்மிங்ஹாமில் பிரையன் புறூக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குடலின் நுனியைச் சட்டைக்கை மடிப்பதுபோல வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். 1954இல் டென்மார்க்கின் தாதி எலிஸ சோரன்சன், கசிவுக்குப் பயந்து வெளியே போக மறுத்த தன் சகோதரிக்காக, தோலில் ஒட்டும் பையை யோசித்தார். அதற்கு முன் இந்தச் சிகிச்சையில் உயிர் தப்பியவர்களிற் பலர் தோல் வெந்து, நாற்றத்துக்கு அஞ்சி, வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். பை அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மற்றவர்களோடு சமமாகப் பந்தியில் இருத்துவதற்குப் பை மட்டும் போதாது. அது எங்களைப் போன்றவர்களின் கையிலும் இருக்கிறது.

பட்டியல் வீம்புக்கு எழுதப்பட்டதல்ல. ஓரிரவு வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிய காளான் பொரியலை அவன் அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிவிட்டான். விடியப்புறம் பை வெறுமையாகக் கிடந்தது, வயிறு வீங்கியது, சத்தி நிற்கவில்லை. அம்புலன்ஸில் ஏற்றினோம். சேலைன் ஏற்றி, அடுத்த நாள் பின்னேரம்தான் அடைப்பு விட்டது. எங்களில் இருவருக்கு ஒருநாள் சம்பளம் போயிற்று. ஆகவே பட்டியலை எழுதியது அன்பு மட்டுமல்ல, பயமும் சம்பளமும் சேர்ந்துதான் எழுதின என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலைக் கண்ட அன்று அவன் ஒன்றும் பேசவில்லை. ஒரு கிழமை கழித்துச் சொன்னான்:

"மச்சான், 2009இல செட்டிகுளம் முகாமில நான் என்ன தின்னவேணுமெண்டு ஆமிக்காரன் முடிவெடுத்தான். இஞ்சை நீங்கள் முடிவெடுக்கிறியள்."

நாங்கள் கோபப்பட்டோம். எங்களை ஆமியோடு ஒப்பிடுகிறானே என்று. கோபம் ஆறியபிறகு யோசித்தால், முள்வேலியையும் பரிவையும் அவன் ஒன்றென்று சொல்லவில்லை. தன் வயிற்றுக்கு என்ன போகிறது என்ற முடிவு இரண்டு இடத்திலும் தன்னைக் கேளாமல் நடந்தது என்றுதான் சொன்னான். அது பொய்யல்ல.

ஸ்ரோமாத் தாதி அவனுக்குச் சொன்னது வேறு. முதல் ஆறு எட்டுக் கிழமைகள் நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு. பிறகு ஒவ்வொன்றாகப் புதியவை. ஒரு வேளைக்கு ஒன்று, கொஞ்சமாக, நன்றாக மென்று. ஒத்துவராவிட்டால் சில கிழமை விட்டு மறுபடி முயலலாம். குறிப்புக் கொப்பி ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். சோறும் வாழைப்பழமும் பையிற் போவதைத் தடிப்பாக்கும். தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும் பெருங்குடல் இல்லாதபடியால் இரண்டும் உடம்பை விட்டு ஓடிவிடும். மிகுதியாகப் போகும் நாட்களில் வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளுவது நிலைமையை மோசமாக்கும். அதற்கு, 1835இல் தொடங்கப்பட்ட லண்டன் செயின்ற் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் பெயரில் ஒரு கரைசல் இருக்கிறது: ஒரு லீற்றர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகாபனேற். அவள் தந்தது அறிவு. நாங்கள் அதைத் தடைச்சட்டமாக்கினோம். 'மென்று பார்' என்பதற்கும் 'கொடுக்காதே' என்பதற்கும் இடையிலுள்ள தூரந்தான் இங்கே அறப்பிரச்சினை.

அவனுக்கு அடைத்தால் விழிப்பதும் தூக்குவதும் நாங்கள்தானே, ஆகவே எங்களுக்கும் சொல்ல உரிமை இல்லையா? உண்டு. ஆனால் அது கேட்பதற்கும் எச்சரிப்பதற்கும் 'நாளைக்கு வேலை இருக்கு, ஞாயிறு சாப்பிடன்' என்று வேண்டுவதற்குமான உரிமை. தோளில் பாரம் விழுகிறது என்பதற்காக அவன் வாய்க்குப் பூட்டுப்போட முடியாது. அப்படியானால் சிகரெட் குடிக்கும் எங்களில் இருவரின் வாய்களை முதலிற் பூட்ட வேண்டும். அவர்களைப் பற்றி நாங்கள் பட்டியல் எழுதவில்லை. நோயாளி என்று பெயர் விழுந்தவனுக்குத்தான் எழுதினோம்.

இன்னுமொன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்கக்கூடாது. அவனுடைய கோப்பையும் தம்ளரும் யன்னலோரம் தனியாக இருந்தன. யார் அப்படி வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் எடுத்து மாற்றவுமில்லை. 'தொற்றும்' என்று மனதுக்குச் சமாதானம் சொன்னோம். பையில் இருப்பது எங்கள் எல்லோர் வயிற்றிலும் இருப்பதுதான். கைகழுவினால் அவன் குசினியில் நிற்பதில் எங்களை விட அதிக ஆபத்து ஒன்றுமில்லை. பிறகேன் தனித் தம்ளர்?

யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒரு பகுதி மக்களுக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் ஊற்றிய காலம் இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் அது நிற்கவில்லை. 1966க்குப் பிறகு கடைவாசலிலும் கோயில்வாசலிலும் போராட வேண்டியிருந்தது. அன்றும் 'சுத்தம்' என்றுதான் சொன்னார்கள். வாளிக் கக்கூசைச் சுமந்தவனை அசுத்தன் என்றவர்கள், வாளியை நிரப்பியது யார் என்று கேட்கவில்லை. அந்த ஊரிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள் நாங்கள். தனித் தம்ளரையும் யாரும் அறியாமல் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறோம்.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். மருந்து தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். மருந்து அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியது. அளவை அறிய வேண்டியவன் உண்பவன். படைப்பவன் செய்ய வேண்டியது படைப்பதுதான். நாங்கள் விருந்தோம்பலையும் விட்டு, அவனுடைய அளவையும் பறித்திருந்தோம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, லீவு நாள். ஒடியற்கூழ் காய்ச்சினோம். நண்டு, றால், மீன், பயத்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, பழப்புளி. அவனுக்கென்று வடித்துத் தனியாக வைக்க ஒருவன் அகப்பையை எடுத்தான். மற்றவன் கையைப் பிடித்தான். சட்டியை நடுவில் வைத்தோம். அவன் தானே அள்ளினான். பலாக்கொட்டையை ஒதுக்கினான், பயத்தங்காயை எடுத்தான், நெடுநேரம் மென்றான். நாங்கள் அவன் வாயைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டோம். நாலு கிண்ணங்களும் ஒன்றாகக் கழுவப்பட்டு ஒரே தட்டில் கவிழ்ந்தன.

பட்டியலை அவன்தான் கிழித்தான். அன்றிரவு தன் கொப்பியில் எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டினான்: "கூழ், ஒரு கிண்ணம். பயத்தங்காய் எட்டுத் துண்டு. பிரச்சினை இல்லை. அடுத்த முறை உறைப்புக் கூட்டச் சொல்ல வேணும்."