தாளில் விழாத கோடு

தோட்ட வீடமைப்புக்கு ஓட்டோகேட்டில் படம் வரையும் பிள்ளைகளே, சமவுயரக் கோடு, ஓடை, பாதை, காணித்துண்டு, மண்சரிவு அபாய எல்லை எல்லாம் தனித்தனி லேயரில் இருக்கட்டும். அபாய லேயரை மறைக்காமல் பூட்டி வையுங்கள். பூட்டிய லேயர் கண்ணுக்குத் தெரியும். கை தவறினாலும் நகராது. லேயர் பட்டியலில் அச்சுப்பொறிக் குறி ஒன்று உண்டு. நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். அது அணைந்திருந்தால் கோடு திரையில் பளிச்சென்று நிற்கும், தாளில் மட்டும் வராது. வரைந்தவருக்குத் தெரிந்தது குடியிருக்கப் போகிறவருக்குத் தெரியாமல் போகும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. திரையில் மட்டும் நிற்கும் கோடு போல எச்சரிக்கை கோப்பில் இருந்தது, குடும்பங்கள் லயன்களில் இருந்தன.

படத்தைக் கையளிக்குமுன் ஒரு பிரதி அச்சிட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் சிவப்பு நிறம் காணாமல் போகும். அதனால் அபாய எல்லைக்குத் விட்டு விட்டு வரும் தடித்த கோடு கொடுங்கள். மழைநீர் இறங்கும் கானுக்கும் வேறொரு கோட்டுவகை வையுங்கள்.