படத்திற்கு உரியவர்

சாத்தூர் என்றதும் முந்தைய தலைமுறையினருக்குக் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும் பேனா நிப்பும் நினைவுக்கு வரும். இன்று இவ்வட்டாரத்தின் பல இல்லங்களிலிருந்து ஒரு பிள்ளையேனும் கணிப்பொறித் துறைக்குச் சென்றிருப்பதைக் காண்கிறோம். சென்னை, பெங்களூரு எனப் பரவியிருந்த அவர்களுள் பலரை 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்று பெற்றோர் வீட்டு மாடியறைக்கே திருப்பி அனுப்பியது. வீட்டிலிருந்தே பணி செய்யும் வாய்ப்பு சிலருக்கு இன்றும் நீடிக்கிறது. அத்தகையோர் சிலரின் அறை மூலையில், இரவும் பகலும் அணையாத சிறு விளக்கோடு ஒரு பெட்டி இருக்கும். அருகில் ஒரு கேமரா. விடுமுறை கிடைத்தால் கேமராவோடு புறப்பட்டுவிடுகிறார்கள். திரும்பியதும் எடுத்த படங்களை எல்லாம் அப்பெட்டிக்குள் சேர்க்கிறார்கள். இளைஞரின் பொழுதுபோக்கு என்று இதனைக் கடந்து போய்விடலாம். ஆயினும் அப்பெட்டியைச் சற்று உற்று நோக்கினால், உடைமை எது, காவல் எது என்னும் பழைய அறக்கேள்வி ஒன்று அதனுள் இருப்பது தெரியவரும்.

அப்பெட்டியை அவர்கள் சர்வர் என்கின்றனர். நமக்கோ சர்வர் என்றால் ஓட்டலில் தோளில் துண்டோடு வந்து நிற்பவர். பொருள் ஒன்றுதான்; கேட்டதை எடுத்து வந்து கொடுப்பவர் எவரோ அவர் சர்வர். இவர் கொடுப்பது இட்லியன்று. படங்கள், ஆவணங்கள், பாடல்கள். பழைய கணிப்பொறி ஒன்று, அல்லது 2012-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணிப்பொறி. அதனோடு இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச் போன்று எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்க மென்பொருள். இவ்வளவே அதன் உறுப்புகள். பதினைந்து வாட் இழுக்கும் பெட்டி இரண்டு மாதங்களுக்கு ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரம் செலவிடும். ஒரு மின்விசிறி இழுப்பதைவிடக் குறைவு.

செல்பேசியில் எடுத்த படங்கள் தாமாகவே பெரிய நிறுவனங்களின் கிடங்குகளுக்குச் சென்று சேரும் இக்காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆர்குட் என்ற தளத்தில் நம் நாட்டவர் இலட்சக்கணக்கில் கூடியிருந்தனர். 2014-இல் அது மூடப்பட்டது. 2015-இல் கூகுள் தன் படச்சேமிப்பைத் தொடங்கியபோது, எத்தனை படங்களானாலும் கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம் என்றது. உலகமே தன் குடும்பப் படங்களை அங்கே கொண்டுபோய்க் கொட்டியது. 2021 ஜூன் 1 முதல் அச்சலுகை நின்றது. அஞ்சலையும் சேர்த்து 15 ஜி.பி.க்கு மேல் போனால் பணம். படம் ஒன்றுக்கு 4 எம்.பி. என்று கொண்டால் அது நாலாயிரம் படங்களுக்கும் குறைவு. நம்மூர்ப் படக்காரர்கள் ஒரே திருமணத்தில் அவ்வளவு எடுத்துவிடுகிறார்கள்! 2023 டிசம்பரிலிருந்து, இரண்டாண்டுகள் எவரும் தொடாத கணக்குகளை உள்ளிருப்பவற்றோடு நீக்கும் முறையும் வந்துவிட்டது. இறந்துபோன தந்தையின் கணக்கை யார் தொடுவார்?

இவற்றைவிட மனத்தை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்றை 2022-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தந்தை, முந்தைய ஆண்டில், நோயுற்ற தம் குழந்தையின் உடலைப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பினார். இயந்திரம் அதனைத் தகாத படமெனக் குறித்தது. அவருடைய கணக்கு முழுவதும் முடக்கப்பட்டது. காவல்துறை விசாரித்துக் குற்றமில்லை எனக் கண்ட பின்னும் கூகுள் அதனைத் திருப்பித் தரவில்லை. அவருடைய அஞ்சல், தொலைபேசி எண், மகனின் மழலைப் பருவப் படங்கள் யாவும் அக்கதவுக்குப் பின்னே போயின.

எனவே, தம் குடும்பத்தின் முகங்கள் பிறர் வீட்டில், பிறர் விதிக்கும் நிபந்தனையின் கீழ்க் குடியிருத்தல் கூடாது என்று ஓர் இளைஞர் முடிவு செய்தால், அதனை வீண் பிடிவாதம் என்று நாம் கருதவில்லை. காப்பவர் கையில் அதிகாரமும், காக்கப்படுபவர் கையில் வெறும் நம்பிக்கையும் இருக்கும் உறவு சமனற்ற உறவு. அதனை உணர்ந்து விலகி வருவது தன்மானமுள்ள செயலே.

ஆனால், தாமே காப்பது எளிதன்று. பட்டாசு ஆலைகளை அஞ்சவைக்கும் கோடை இடிமின்னல் இப்பெட்டிகளையும் விட்டுவைப்பதில்லை. கரிசல் புழுதியும் சித்திரை வெயிலும் இருக்கவே இருக்கின்றன. இரண்டு டிஸ்க்குகளில் ஒருசேர எழுதி வைத்தால் போதும் என நினைப்போர் உளர். தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டிலும் ஒருசேர அழியும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. இதற்கு அத்துறையினர் ஒரு விதி வைத்திருக்கின்றனர்: மூன்று படிகள் வேண்டும், இரண்டு வகைச் சாதனங்களில் வேண்டும், ஒரு படியேனும் வேறு இடத்தில் இருக்கவேண்டும். 2005-இல் வெளிவந்த தம் நூலின் வழியே இதனைப் பரப்பிய பீட்டர் க்ரோக், தொழிலால் ஒரு புகைப்படக் கலைஞர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் திருச்சபை வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்விதி முற்றிலும் புதிதன்று. கீழ்த்திசை நாடுகளில் மறைப்பணியாற்றிய சேசு சபைத் துறவியர், ஐரோப்பாவிற்கு எழுதும் கடிதங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவர். ஒன்று மூழ்கினாலும் மற்றொன்று கரைசேரும் என்பது கணக்கு. அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்துகளால் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல், பதினாறே பக்கங்கள். இன்று அறியப்பட்டுள்ள அதன் ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. யாருக்காக அச்சிடப்பட்டதோ அம்மக்களின் கரையில் ஒன்றும் எஞ்சவில்லை; கடல் கடந்து பிறர் கைக்குப் போனது பிழைத்தது. தம் வீட்டுப் பெட்டியே போதும் என்று இறுமாந்திருப்போர் இச்சிறு நூலை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, அப்பெட்டிக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். பெற்றோர், உடன்பிறந்தார், குழந்தைகள் ஆகியோரின் படங்கள் ஒரு பகுதிதான். பயணங்களில் எடுத்தவை அவற்றினும் பல மடங்கு. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர், ஆகஸ்ட் 15-ஆம் நாள் காமநாயக்கன்பட்டியில் கூடும் திரள், இராமேசுவரத்தில் வலை உலர்த்தும் மீனவர், இமயமலைச் சிற்றூர் ஒன்றில் வாசற்படியில் அமர்ந்த மூதாட்டி எனப் பெயர் அறியாத மனிதர்களின் முகங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே உள்ளன. புதிய மென்பொருள் முகங்களை இனங்காண வல்லது. அம்மூதாட்டியின் நான்கு படங்களையும் அது தானாகவே ஒன்றாக அடுக்கிக் காட்டும். படத்தை எடுத்தவர் ஐந்தாண்டுகள் கழித்தும் நினைத்த மாத்திரத்தில் அம்முகத்தைக் காணலாம். மூதாட்டியோ தம் படத்தை, கேமராவின் சிறு திரையில் ஒருகணம் காட்டப்பட்டிருந்தாலன்றி, கண்டதே இல்லை.

நிறுவனம் தமக்கு எப்படியோ அப்படியே அம்மூதாட்டிக்கு இவர் என்று நாம் சொன்னால், நண்பர்கள் சற்று வருந்துவர். தாம் அப்படத்தை விற்கவில்லை, அவர் சிரித்துக்கொண்டு இசைந்தார், கெட்ட எண்ணம் ஏதுமில்லை என்பர். யாவும் மெய்யே. ஆனால், படம் எடுக்க இசைவது வேறு. அது என்றென்றைக்கும் ஒருவர் கையில் மட்டும் இருக்க இசைவது வேறு. நாமும் 'ஒப்புகிறேன்' என்ற பொத்தானை அழுத்தித்தானே அந்நிறுவனங்களுக்குள் நுழைந்தோம்? அந்த இசைவு நமக்கு நிறைவளிக்காததால்தானே வெளியே வந்தோம்? நமக்குப் போதாத இசைவு மூதாட்டிக்கு மட்டும் போதும் என்பது எவ்வாறு?

வரி செலுத்துவது முறையா என்று வினவியவர்களிடம் நம் ஆண்டவர் ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொன்ன நிகழ்ச்சியை நாம் அறிவோம். அதில் பொறித்திருப்பது யார் உருவம் என்பதைக் கொண்டே அது யாருக்கு உரியது என்பதை அவர் தெளிவாக்கினார். நாணயத்தை அப்போது கையில் வைத்திருந்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை. சீசரின் உருவம் தாங்கிய நாணயம் சீசருக்கு. இறைவனின் உருவம் தாங்கிய மனிதர் இறைவனுக்கு என்று தெர்த்துல்லியன் போன்றோர் பின்னர் இதனை விரித்துரைத்தனர். உருவத்திற்கும் உரிமைக்கும் இடையே அவர்கள் கண்ட இத்தொடர்பை நம் கேமராவரை நீட்டுவது மிகையென நாம் எண்ணவில்லை.

சட்டம் இங்கே துணைவராது. 2023-இல் இயற்றப்பட்ட நம் நாட்டின் மின்வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனி மனிதர் தம் சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் வைத்துக்கொள்வதைத் தன் வரம்பிலிருந்து விலக்கியே வைத்துள்ளது. நிறுவனத்திடம் கணக்குக் கேட்கலாம். மாடியறைப் பெட்டியிடம் கேட்க முடியாது. அங்கே இருப்பது மனச்சான்று மட்டுமே.

பழைய ஸ்டுடியோக்களின் வழக்கம் இவ்வகையில் மேலானது என்றே தோன்றுகிறது. நெகடிவ் ஸ்டுடியோக்காரரிடம் இருக்கும். அச்சிட்ட படம் வீட்டுச் சுவரில் தொங்கும். எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் இடையே ஒரு நேர்மையான பங்கீடு அது. படம் எடுப்பதற்கு ஏறக்குறையச் செலவே இல்லை என்றான பிறகுதான் அப்பங்கீடு குலைந்தது. ஒன்றைக் கொடுத்தால் குறையும் என்ற நிலையில் கொடுத்தோம். எத்தனை கொடுத்தாலும் குறையாது என்ற நிலையில் கொடுக்க மறந்தோம். ஆண்டுதோறும் முன்னதைவிடப் பெரிய டிஸ்க் வாங்குவோரைக் காணும்போது, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய லூக்கா நற்செய்தியின் செல்வன் நினைவுக்கு வருகிறான். சேர்த்தது அவன் குறையன்று. தனக்கெனவே சேர்த்தான், அதுவே குறை.

மூன்றாவது படி வேறு இடத்தில் இருக்கவேண்டும் என்று விதி சொல்கிறதல்லவா? அவ்வேறு இடம் படத்தில் இருப்பவரின் வீடாக இருந்தால் என்ன? இராமேசுவரத்து மீனவரிடம் ஒரு முகவரியோ செல்பேசி எண்ணோ கேட்டு வாங்குவது, சரியான வெளிச்சத்திற்காக அரைமணி நேரம் காத்திருப்பதைவிடக் கடினமன்று. எல்லா ஊரிலும் இயலாது என்பதை ஒப்புகிறோம். இயலும் ஊர்களிலும் நடைபெறுவதில்லை என்பதே நம் கவலை. அவ்வாறு கேட்கும்போது சிலர், படம் வேண்டாம், அழித்துவிடு என்றும் சொல்லக்கூடும். அப்போதுதான் சொந்தப் பெட்டியின் மெய்யான சிறப்பு வெளிப்படும். தொலைநாட்டுக் கிடங்கில் அழிந்ததா இல்லையா என்று அறியோம், இங்கே நம் கையாலேயே அழிக்கலாம்.

பெட்டியின் கடவுச்சொல்லை ஓர் உறையிலிட்டு வீட்டாரிடம் தருவதும் இதோடு சேர்ந்ததே. கூகுள் 2013-லும் ஆப்பிள் 2021-லும், ஒருவர் இறந்தபின் யார் திறக்கலாம் என்று முன்கூட்டிக் குறித்துவைக்க வழிசெய்துவிட்டன. வீட்டுச் சர்வர் வைத்திருப்போர் பலர் இதில் அவற்றுக்கும் பின்தங்கியே இருக்கின்றனர். மனைவிக்குத் திறக்கத் தெரியாத பெட்டி, வைத்திருந்தவர் போன மறுநாளே பூட்டிய பெட்டிதான்.

இவையெல்லாம் வேறு எந்த ஊருக்கும் பொருந்துவனவே. ஆனால் இவ்வட்டாரத்திற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நாடு முழுவதற்கும் நாட்காட்டிப் படங்களை அச்சிட்டுத் தரும் சிவகாசியையும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களையும் நோக்கி வெளியூர்க் கேமராக்கள் நீண்ட காலமாக வந்துகொண்டிருக்கின்றன. தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்டிருந்த குழந்தைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளிப்பதற்கு முன்னும் பின்னும், அக்குழந்தைகளின் படங்கள் பல நாடுகளின் இதழ்களில் வெளிவந்தன. அவற்றால் நன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அக்குழந்தைகள் இன்று நடுவயதைத் தொட்டிருப்பர். தம் பிள்ளைகளுக்குக் காட்ட அப்படங்களில் ஒன்றேனும் அவர்களுள் எத்தனை பேரிடம் இருக்கும்?

வெடிமருந்து கையாளும் ஆலைக்குள் செல்பேசி கொண்டுசெல்லத் தடை உண்டு; பாதுகாப்புக்காக இருக்கவேண்டிய தடையே அது. அதனால், நாளெல்லாம் திரி செருகும் ஒரு பெண்ணுக்குத் தம் பணியிடத்தில் ஒரு படம்கூட அமைவது அரிது. வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கையிலோ, கோயில் கொடையிலோ, பங்குத் திருவிழாத் தேரின் பின்னேயோ வழிப்போக்கர் ஒருவர் எடுத்த படம் எங்கேனும் இருக்கலாம். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய சாவு நேர்ந்த வீடுகளில், மாலை போடப் படம் தேடும் வேளையில், குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் உள்ள சிறு படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்குவது இப்பக்கத்து வழக்கம். அதுவும் இல்லையேல் யாருடைய திருமணத்திலோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுப்பர். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே சார்த்தி வைத்திருக்கும் படங்களை நின்று பார்ப்போர் இதனைக் காணலாம். பின்புலம் நீலமாக மாற்றப்பட்டிருக்கும். கழுத்துக்குக் கீழே ஸ்டுடியோக்காரர் பொருத்திய சட்டை. தோளோரத்தில் மட்டும், வெட்டியும் போகாமல், அருகில் நின்ற வேறொருவரின் புடவைக் கரை.