சினம் செல்லும் இடம்

பெங்களூரில் ஒரு குடும்பத் தலைவர். வீட்டிலிருந்தே கணினியில் அலுவலகப் பணி செய்பவர். சாந்தமானவர் என்று அண்டை வீட்டார் சொல்லும் மனிதர். ஒரு நாள் காலை அவரது வீட்டு இணைய இணைப்பு நின்றுபோயிற்று. சுவரில் பொருத்தியிருந்த சிறு பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னியது. கண்ணாடி இழை வழியே வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அது அடையாளம். தெருவில் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டிய இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டிருந்தது. மேலுறைகளை நீக்கிப் பார்த்தால் அந்த இழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். அன்றைய அவரது பணி முழுவதும் அதை நம்பியே இருந்தது.

வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தார். மொழியைத் தேர்ந்தெடுக்க ஓர் எண், புகாருக்கு ஓர் எண், காத்திருக்கச் சொல்லும் பதிவுக் குரல், நடுநடுவே இசை. இருபத்தைந்து நிமிடங்கள் சென்றபின் ஒரு பெண் பேசினார். பெட்டியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்குமாறு சொன்னார். அதை அவர் ஏற்கெனவே மூன்று முறை செய்து பார்த்திருந்தார். வீட்டில் எவரிடமும் பேசியிராத கடுஞ்சொற்கள் அவர் வாயிலிருந்து வெளிவந்தன. மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பிறகு, சிரமத்திற்கு வருந்துவதாக ஒரு வாக்கியம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதிவுக் குரலை அவர் ஏசவில்லை. அத்தனை நேரமும் திரண்ட கோபம், உயிருள்ள ஒரு செவிக்காகக் காத்திருந்தது. கேபிளை அறுத்தது அந்தப் பெண் அல்ல. ஊருக்கு எத்தனை பழுதுபார்ப்போர் போதும் என்று தீர்மானித்ததும் அவர் அல்ல. தீர்மானிப்பவர்களை அணுக முடிவதில்லை. அணுக முடிந்தவர்களுக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை.

கோபமே கூடாது என்று அரிஸ்டாட்டில் கூறவில்லை. தம் அறவியல் நூலின் நான்காம் பகுதியில், தக்கவரிடம், தக்க காரணத்திற்காக, தக்க அளவில் கோபம் கொள்பவரை அவர் பாராட்டவே செய்கிறார். அந்த அளவுகோலின்படி குடும்பத் தலைவரின் காரணம் தேறும். அவர் தேர்ந்தெடுத்த ஆள் தேறாது. வள்ளுவரின் பார்வை இன்னும் நுட்பமானது. 'வெகுளாமை' அதிகாரத்தின் முதல் குறளிலேயே, தன் சினம் பலிக்கக்கூடியவரிடத்தில் அதைத் தடுத்துக்கொள்வதைத்தான் அவர் அடக்கமாகக் கொள்கிறார். மேலதிகாரியின் முன் வாய் மூடி நிற்பது பொறுமை அன்று. அது வெறும் கணக்கு. தொலைபேசியில் பதில் சொல்லும் பணியாளரோ எதிர்த்துப் பேச முடியாதவர். அவரது உரையாடல் பதிவாகிறது; பிழைப்பு அதில் இருக்கிறது. சினம் தடையின்றிச் செல்லக்கூடிய இடம் அதுவே.

அப்படியானால் அநீதியைச் சகித்துக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு சேவை தராமலிருப்பது தவறுதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் வகுத்த விதிகள், புகாருக்குப் பதிவெண் பெறவும், தீர்வு கிட்டாவிடில் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லவும் வழி செய்தன. இதற்கெல்லாம் விடாப்பிடி வேண்டும்; வசை வேண்டியதில்லை.

'சத்தம் போட்டால்தான் காரியம் நடக்கிறது' என்பார்கள். சில சமயங்களில் அது உண்மையே, மறுப்பது நேர்மையாகாது. ஆனால் சத்தத்தால் பழுதுபார்ப்போரின் எண்ணிக்கை கூடிவிடுவதில்லை, வரிசைதான் மாறுகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகனின் முகத்தை வாரம் ஒருமுறை திரையில் காணும் மூதாட்டி ஒருவர், சத்தம் போடத் தெரியாத காரணத்தால், இன்னும் ஒரு நாள் காத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் ஓர் இளைஞர் வந்து தெருவோரம் அமர்ந்து, அறுந்த இழையின் இரு முனைகளையும் சிறு கருவி ஒன்றில் வைத்து உருக்கி இணைத்தார். விளக்கு பச்சையாயிற்று. குடும்பத் தலைவருக்கு மனம் உறுத்தியது. மன்னிப்புக் கேட்பதற்காகச் சேவை மையத்தை மீண்டும் அழைத்தார். பேசியவர் வேறொருவர், வேறோர் ஊரில் இருப்பவர். முதல் நாள் பேசிய பெண் தம் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கியிருந்தார். அதை அவர் காதில் வாங்கவில்லை. அன்று உரையாடல் முடிந்ததும் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி, பணியாளருக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டிருந்தது. அவர் ஒன்று அளித்திருந்தார். அதையாவது இப்போது மாற்ற இயலுமா என்று கேட்டார். பதிவானதை மாற்ற வழியில்லை என்று பணிவுடன் தெரிவித்த பணியாளர், வேறு ஏதேனும் உதவி தேவையா என்று வினவினார்.