காவலும் வேவும்

என்னிடம் முன்பு ஓதிய ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு மஸ்அலா கேட்டு வந்தார். அவருடைய மகள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறாள். "யாரோ ஒரு பையனோடு பழகுகிறாள் என்று காதில் விழுகிறது, ஹஜ்ரத். விடுதிக் காப்பாளரிடம் சொல்லி அவளுடைய கைப்பேசியைச் சோதிக்கச் செய்தால் குற்றமாகுமா?" என்றார். தகப்பனின் கலக்கத்தைக் கண்டு, பெற்றவருக்கு அந்த உரிமை உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான், அவசரப்பட்டுவிட்டோமே என்று உள்ளம் உறுத்தியது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. நானே மாணவர்க்குப் பலமுறை பாடம் சொன்னதுதான். இரவில் மதீனாவைச் சுற்றிவந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஒரு வீட்டினுள் பாட்டொலி கேட்டுச் சுவரேறி உள்ளே சென்றார்கள். அங்கே ஒருவன், அருகில் ஒரு பெண், முன்னே மது. கடிந்துகொண்ட கலீஃபாவிடம் அவன் கூறிய மறுமொழியின் சாரம் இது: தான் செய்த பிழை ஒன்று; கலீஃபா செய்தவையோ மூன்று. துருவி ஆராய்ந்தது, வாயில் இருக்கச் சுவர்வழி வந்தது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. மூன்றுக்கும் குர்ஆனில் தடை உண்டு. உமர் (ரலி) அவர்கள் அவனை மன்னித்துத் திரும்பினார்கள். பாவத்தை அவர்கள் ஆகுமாக்கிவிடவில்லை. அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை மார்க்கம் தடுக்கவே செய்கிறது. ஆயினும் அத்தடையைக் காப்பதற்காகச் சுவரேறும் உரிமையை அது கலீஃபாவுக்கும் வழங்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் வந்து விடுதிகளில் தங்குகிறார்கள். போகும் நேரமும் வரும் நேரமும் கணக்கில் ஏறுகின்றன. அந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தான் பெற்றோர் அனுப்புகிறார்கள் என்பதும் பொய்யன்று. ஆனால் 2021 டிசம்பரில் நடந்தது என்ன? பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் 150-க்கு மேற்பட்டோர் உணவு நஞ்சாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவிற்று. அது உண்மையன்று, ஆனால் அதை மறுத்தவர்களை நம்ப ஆளில்லை. சுங்குவார்சத்திரத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தோழியர் அமர்ந்துவிட்டனர். தங்குமிடங்கள் சில உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. பெண் எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்று எண்ணிய கண்ணுக்குச் சோற்றுப் பானை தெரியவில்லை!

அப்பெண்கள் சாலைக்கு வருமுன், அறைக்குள் ஒருத்தி மற்றொருத்தியிடம் தாழ்ந்த குரலில் பேசியிருப்பாள். காதலும் அப்படித்தான் தொடங்குகிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட '1984' என்னும் நாவலில், காதலர் இருவர் ஒளிந்திருந்த அறையில் ஒரு படத்துக்குப் பின்னே அரசு வேவுக்கருவியை மறைத்து வைத்திருந்தது. ஒருவரையொருவர் நம்பும் இருவரை அவ்வரசு கலகக்காரராகவே கண்டது. நம் விடுதிகளை அவ்வரசோடு ஒப்பிடுவது மிகைதான். ஆனால் மகளின் கைப்பேசியைக் காப்பாளர் கையில் கொடுக்கும் தகப்பன், அவளுடைய காதலை மட்டுமா கொடுக்கிறார்? சோற்றைக் குறைகூறியவர் யார் யார் என்ற பட்டியலையும் சேர்த்தல்லவா கொடுக்கிறார்!

அவரை மறுபடி அழைத்தேன். "நான் சொன்னது பிழை. அவளுடைய விடுமுறை நாளில் நீங்களே போங்கள். வாயிலில் பெயர் சொல்லி, அவள் வரும்வரை காத்திருங்கள். கேட்க வேண்டியதை அவளிடமே கேளுங்கள்" என்றேன். போய் வந்தார். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.