அறியாது முடிவு செய்தவரும் அறிந்து தீர்ப்பளிப்பவரும்

ஒருவரது முடிவு சரியா, பிழையா என்பதை அதன் விளைவைக் கொண்டு அளக்கலாமா என்னும் வினா ஒழுக்கவியலிற் பழையது. அதனைப் போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் ஒரு கணத்தின் வழியே அணுக விரும்புகின்றேன். சூதினைக் கடிந்து குறளில் ஓர் அதிகாரமே வகுத்த மரபினர்க்கு இவ்வுதாரணம் உவப்பாகாதிருக்கலாம். சூதினை நியாயப்படுத்துதல் இங்கு நோக்கமன்று.

2003ஆம் ஆண்டு லாஸ் வேகாசில் நடைபெற்ற போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டியில் 839 பேர் பங்குபற்றினர். இறுதியில் எஞ்சியோர் இருவர்: தொழில்முறை ஆட்டக்காரரான சாமி ஃபர்ஹா, டெனசி மாநிலத்துக் கணக்காளரான கிறிஸ் மணிமேக்கர். இவ்வாட்டத்தில் ஒவ்வொருவரிடமும் மறைவாக இரு சீட்டுகள் இருக்கும். மேசையில் யாவரும் காண ஐந்து சீட்டுகள் விரிக்கப்படும். ஐந்தாவதை 'ரிவர்' என்பர். அதன்பின் புதிய சீட்டு வராது. எதிராளியின் பந்தயத்திற்கு ஈடாகப் பணம் வைத்து அவர் சீட்டைக் காண்பதா, தன் சீட்டைக் கைவிடுவதா என்பதே எஞ்சும்.

ஃபர்ஹாவிடம் ஒன்பதுகளின் சோடி இருந்தது. மணிமேக்கர் நாடிய சீட்டு வரவில்லை. அவரிடம் ஒரு சோடிதானும் இல்லை. எனினும் தம் வில்லைகள் அனைத்தையும் பந்தயமாக வைத்தார். ஃபர்ஹா சிந்தித்தார், வேண்டிய சீட்டு உமக்கு வரவில்லைப் போலும் என்று வாய்விட்டுங் கூறினார். பின்னர்ச் சீட்டைக் கைவிட்டார். பரிசாகிய 25 இலட்சம் டொலர் மணிமேக்கருக்கே போயிற்று.

மறைசீட்டுகளைக் கமரா வழியே கண்டிருந்தமையால், பதிவைப் பார்த்த நானும் ஃபர்ஹா ஏமாந்தார் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் அவர் முன் இருந்தது ஐயமேயன்றி அறிவன்று. மேசையில் 100 இருக்க, எதிராளி மேலும் 100 வைக்கின்றார் எனக் கொள்வோம். 100 கொடுத்து 200ஐ வெல்ல முயல்பவர் மூன்றில் ஒருமுறை வென்றாலே இழப்பில்லை. ஆகவே சரியாக ஈடுகொடுப்பவரும் பலமுறை தோற்பார். மறுபுறம், 1944இல் வெளியான தம் நூலில் வொன் நியூமனும் மோர்கன்ஸ்ரேனும் காட்டியவாறு, பொய்ப்பந்தயம் அறிவார்ந்த ஆட்டத்தின் உறுப்பேயாகும். ஒருபோதும் ஏமாறலாகாது என்போர் எல்லாப் பந்தயங்களுக்கும் ஈடுகொடுத்து, மெய்யான சீட்டுகளிடம் தம் செல்வத்தை இழப்பர். அதனைத் துணிவு என்பதிலும் தன்மானத்தின் பிடிவாதம் என்பதே பொருந்தும்.

இங்கே ஓர் இடர் உண்டு. ஈடுகொடுத்தவருக்கு உண்மை காட்டப்படுகின்றது, கைவிட்டவருக்குக் காட்டப்படுவதில்லை. எப்போதுங் கைவிடுபவர் தம்மை விவேகியென்றே சாகும்வரை நம்பலாம். அவரை மறுக்கும் சான்று எதுவும் மேசைக்கு வராது. விளைவைக் கொண்டு அளத்தல் தவறு என்ற நம் கொள்கை கோழைக்கு நல்ல மறைவிடமாகிவிடுவது இவ்வாறுதான்.

தாயார் நோயுற்றமையாற் கட்டுரையை உரிய நாளில் ஒப்படைக்க இயலவில்லை என்று கூறும் மாணவனை நம்ப மறுக்கும் விரிவுரையாளர் நிலையும் இதுவே. நம்பினால் என்றேனும் ஏமாந்தது தெரியவரலாம். மறுத்தாற் பெரும்பாலும் எதுவுந் தெரியவராது. ஆயின், பிழையாகக் கைவிட்ட ஆட்டக்காரர் இழப்பது தம் பணத்தை. இங்கோ இழப்பவன் கதவுக்கு வெளியே நிற்கும் மாணவன். தாம் ஏமாறவில்லை என்ற திருப்தியுடன் விரிவுரையாளர் அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொள்கின்றார்.